மூடிய கதவும் மூடிய புத்தகமும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் மலையின் மேற்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையைக் கடக்கிறார்கள். ஆதி அருணாசலேசுவரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே மாணிக்கவாசகருக்கும் ஒரு கோயில் உண்டு. திருவெம்பாவையும் திருவம்மானையும் திருவண்ணாமலையில் அருளப்பட்டவை என்று திருவாசகப் பதிப்புகள் குறிக்கின்றன. திருவெம்பாவை பிறந்த இடமே இதுதான் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. மார்கழி வந்தால் அதன் 20 பாடல்களையும் தடங்கலில்லாமல் ஒப்பிக்கும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளைத் தமிழ்நாட்டின் பல சிவன் கோயில்களில் பார்க்கலாம். அவர்களில் பலருக்குப் பாட்டின் பொருள் தெரியாது. தெரியாமல் ஓதுவதால் என்ன பயன் என்பது பழைய கேள்வி. ஒலிக்கே ஆற்றல் உண்டு, பொருள் தெரியாவிட்டாலும் புண்ணியம் சேரும் என்கிறது ஒரு தரப்பு. பொருள் தெரியாத ஓதல் கிளிப்பேச்சு, அது பக்தியும் ஆகாது படிப்பும் ஆகாது என்கிறது இன்னொரு தரப்பு. கோயிலில் நடக்கும் இந்த வாதம்தான் பள்ளிக்கூடத்தில் ‘மனப்பாடமா, புரிதலா’ என்று வேறு உடுப்பில் நடக்கிறது. இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறுகின்றன என்று நினைக்கிறேன். எத்தனை முறை ஓதினான் என்பதையும் பொருளை விளக்கினார்களா என்பதையும் விட, ஓதுகிறவன் தனக்குள்ளிருந்து எடுத்துப் பதில் சொல்லும்படி யாராவது அவனை அழைத்தார்களா என்பதே முக்கியம். அழைத்திருந்தால் அந்த ஓதல் அறிவாகும். அழைக்காவிட்டால் விளக்கிச் சொன்னதுகூட வெறும் ஓசையாகவே நின்றுவிடும்.

இதற்கான முதல் சான்று அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. திருவெம்பாவையின் முற்பகுதியில் பெண்கள் ஒரு வீட்டு வாசலில் நின்று உள்ளே உறங்குபவளை எழுப்புகிறார்கள். அவர்கள் அவளுக்குப் புதிதாக எதையும் போதிப்பதில்லை. இராப்பகலாக இறைவன்மேல் தனக்கிருக்கும் நேசத்தைப் பற்றிப் பேசினாளே, அதை அவளுக்கே நினைவூட்டுகிறார்கள். அந்த நேசத்தை இப்போது படுக்கைமேல் வைத்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். நான்காம் பாட்டு எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாரும் வந்துவிட்டார்களா என்று உள்ளிருப்பவள் கேட்கிறாள். எண்ணிச் சொல்கிறோம், அதுவரை தூங்கிக் காலத்தை வீணாக்காதே என்று தொடங்கியவர்கள், நெஞ்சுருகிப் பாடிக்கொண்டிருக்கும் எங்களால் எண்ண முடியாது, நீ எழுந்து வந்து எண்ணிக்கொள், ஆள் குறைந்தால் போய்த் தூங்கு என்று முடிக்கிறார்கள். அவள் கேட்டது ஒரு தகவல். அதைக் கையில் கொடுத்திருந்தால் படுத்தபடியே வாங்கிக்கொண்டு மறுபடி தூங்கியிருப்பாள். தோழியர் அதைத் தர மறுக்கிறார்கள். அந்த மறுப்பில் கோபம் இல்லை, அன்பும் விளையாட்டும்தான் இருக்கின்றன.

இனி வேறொரு காலத்துக்கும் ஊருக்கும் போவோம். 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு உரைநடைப் பகுதி தரப்பட்டது. ஒரு குழு நான்கு வேளையும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. சராசரியாக ஒவ்வொருவரும் 14 முறை படித்திருந்தார்கள். இன்னொரு குழு ஒரு வேளை மட்டும் படித்தது. மீதி மூன்று வேளையும் தாளை எடுத்துவிட்டு, நினைவிலிருப்பதை எழுதச் சொன்னார்கள். இவர்கள் படித்தது மூன்று முறைக்குச் சற்று மேல். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. படித்தவர்களிடம் 40 விழுக்காடு எஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு இருந்தது. அதைவிடச் சிந்திக்க வைப்பது இன்னொன்று. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, மிகுந்த நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் 14 முறை படித்தவர்களே. யாருக்கு மிகக் குறைவாகத் தங்கப்போகிறதோ அவருக்கே மிக நன்றாகத் தெரிந்துவிட்டதாகத் தோன்றியிருக்கிறது.

இந்த முடிவை ஒரு படிப்புத் தந்திரமாக மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தெரியவில்லை என்பதே தெரியாமல் இருப்பது எப்படி நேர்கிறது என்பதுதான் சைவ சித்தாந்தத்தின் நடுக்கேள்வி. 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் எழுதிய திருவருட்பயன் ஆணவ மலத்தை இருளோடு ஒப்பிட்டுவிட்டு, இருளைவிட ஆணவம் பொல்லாதது என்று காட்டுகிறது. இருள் மற்ற பொருள்களை மறைத்தாலும், இங்கே இருட்டாக இருக்கிறது என்று தன்னையாவது காட்டிக்கொள்கிறது. ஆணவம் பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்கிறது. இருட்டறையில் நிற்பவன் விளக்கைத் தேடுவான். ஆணவத்தில் நிற்பவன் தேடமாட்டான், அவனுக்கு எல்லாம் வெளிச்சமாகவே தெரிகிறது. ஆணவ மலம் என்பது உயிரோடு அநாதியாக ஒட்டியிருக்கும் தளை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் தப்புக்கணக்கை அதனோடு சமமாக்கினால் சித்தாந்தத்தை மலிவாக்கியதாகிவிடும், ஆகையால் இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் செயல்படும் வழியை ஒரு வகுப்பறை அளவில் இங்கே கண்ணால் பார்க்க முடிகிறது. கண்ணுக்குப் பழகிய வரி தெரிந்த வரியாகத் தோன்றுகிறது. அந்தத் தோற்றம் புத்தகம் திறந்திருக்கும் வரை கலையாது. மூடிய பிறகுதான், எனக்கு இது தெரியாது என்ற முதல் அறிவு பிறக்கிறது. உயிர் தானாக அறிவதில்லை, அறிவிக்க அறிவது என்கிறது சித்தாந்தம். அறிவிப்பதன் முதல் வேலை, அறியவில்லை என்று உணர்த்துவதுதானே?

பவணந்தியார் நன்னூலில் இதற்கு ஒரு கணக்கே கொடுத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை மாணவன் முழுதாக வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால்பங்கு புலமைதான். உடன் படிப்பவர்களோடு பழகிக் கிடைப்பது இன்னொரு கால்பங்கு. மீதி அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதே வந்து சேர்கிறது. பாடத்தைப் போற்றுவது, கேட்டதை மறுபடி நினைப்பது, ஆசிரியரிடம் திரும்பப் போய்க் கேட்பது, வினவுவது, வினவியதற்கு விடை சொல்வது என்று மாணவனின் வேலைகளையும் அவர் வரிசைப்படுத்துகிறார். கவனியுங்கள், கேட்பது அந்த வரிசையில் ஒரு பகுதி மட்டுமே. மற்றதெல்லாம் மாணவன் தன்னுள்ளிருந்து வெளியே எடுக்கிற வேலை. நம் முன்னோர் அறிவாற்றல் அறிவியலை அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று இதை வைத்துப் பெருமை பேசுவது தவறு. நன்னூலாரின் கால், அரை என்பவை யாரும் அளந்து பார்த்த எண்கள் அல்ல, அனுபவத்தின் மதிப்பீடு. எழுதிப் பார்த்தவர்களையும் படித்தவர்களையும் பிரித்து வைத்து ஒப்பிட்டவர் அவர் இல்லை. அந்த ஒப்பீடுதான் அறிவியல். ஆனால் இரண்டும் ஒரே திசையில் கைகாட்டும்போது அதை ஒதுக்கிவிட முடியாது. திண்ணைப் பள்ளிகளில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டாம்பிள்ளை முறையும் நன்னூலாரின் அரைப்பங்கின் நடைமுறைதான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தன் காப்பகத்திலும் அதைப் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்து, 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். அங்கே அது ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்றது.

பொருளே தெரியாத பாட்டைக் குழந்தையிடமிருந்து வெளியே எடுக்கச் சொன்னால் ஒலியைத் தவிர என்ன வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு ஓர் உலகச் சான்று இருக்கிறது. தாய்லாந்து அரச சடங்குகளை நடத்தும் பிராமணர்கள் ஆண்டுதோறும் செய்யும் திரியெம்பாவை விழாவின் பெயரே நம் பாட்டிலிருந்து போனது. அந்த விழாவின் பகுதியாகப் பாங்காக்கில் பேரூஞ்சல் ஆடும் வழக்கம் 1935-இல் நின்றுவிட்டாலும் கோயில் சடங்கு தொடர்கிறது. அவர்கள் ஓதும் தமிழ்ப் பாசுரங்கள் தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்து, உச்சரிப்பு உருமாறி, ஓதுகிறவர்களுக்கே பொருள் விளங்காதவை ஆகிவிட்டன. எவ்வளவு பக்தியோடு எத்தனை நூற்றாண்டு திருப்பிச் சொன்னாலும், நடுவில் கேள்வி இல்லாவிட்டால் பொருள் தானாக முளைக்காது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஒலிக்கே போதிய பயன் உண்டு என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதே சான்று மறுபக்கத்தாரையும் நிறுத்தி வைக்கிறது. அந்த நினைவு அங்கே காப்பாற்றப்பட்டிருக்காவிட்டால், இது நம் திருவெம்பாவை என்று தமிழறிஞர்களால் பின்னாளில் அடையாளம் கண்டிருக்கவே முடியாது. நினைவில் இருப்பதைப் பற்றித்தான் கேள்வி கேட்க முடியும். நினைவு சிந்தனைக்கு எப்படித் துணை நிற்கிறது என்பதற்குச் சதுரங்கத்தில் ஒரு சான்று உண்டு. 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் சதுரங்க ஆட்டக்காரர்களை ஆராய்ந்தார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலையை ஐந்து நொடி காட்டினாலே வல்லுநர் பெரும்பாலான காய்களைச் சரியான இடத்தில் திரும்ப அடுக்கினார். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டியபோது அந்தத் திறமை காணாமல் போனது. அவருடைய கூர்மை பொதுவான மூளைப்பலம் அல்ல, முன்பே உள்ளே சேர்ந்திருந்த ஆட்ட வடிவங்கள். ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச இடத்தில் பெரிய சிந்தனை நடக்க வேண்டுமானால், மற்றவை நினைவிலிருந்து தாமாக வந்து நிற்க வேண்டும். எட்டு வயதில் பாடம் செய்தவளுக்கு நாற்பது வயதில் ஒரு துக்கத்தின் நடுவே ஒரு வரியின் பொருள் திறக்கிறதென்றால், அந்த வரி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளே காத்திருந்ததால்தான் திறக்கிறது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று சித்தாந்த நூல்கள் அடுக்குவதில் சிந்தித்தலுக்கு முன்னால் ஒரு படி இருப்பது இதனால்தான். அந்த முதல் படியிலேயே நின்றுவிடுகிறவரை நூல் கற்றவர் என்று சொல்வதில்லை.

தமிழ்நாட்டுப் பெற்றோர் இதைக் கேட்டால் பயப்படுவார்கள். ஏற்கெனவே வாரத் தேர்வு, மாதத் தேர்வு, திருப்புதல் தேர்வு, பொதுத் தேர்வு என்று பிள்ளைகள் மூச்சுத் திணறும்போது, புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார் என்பது இன்னொரு தேர்வுதானே? இந்த அச்சம் உண்மையானது. நினைவிலிருந்து எடுப்பது கற்றலின் ஒரு பகுதி. மதிப்பெண் போட்டுத் தரம் பிரிப்பது ஓர் ஆட்சி வேலை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்ததுதான் நம் பிழை. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒரு நடுநிலைப்பள்ளி வகுப்புகளில், மதிப்பெண் சுமை அதிகமில்லாத சிறு கேள்விகளைப் பாடத்தோடு சேர்த்துக் கேட்டபோது, பருவ இறுதித் தேர்விலும் அந்தப் பகுதிகளைப் பிள்ளைகள் கூடுதலாக நினைவில் வைத்திருந்ததை ரோடிகரும் பூஜா அகர்வாலும் மற்றவர்களும் 2011-இல் காட்டினார்கள். 2014-இல் 1,408 பள்ளி மாணவர்களைக் கேட்டபோது, இந்தப் பயிற்சியால் பெரிய தேர்வுகளின் பதற்றம் குறைந்தது என்று 72 விழுக்காட்டினர் சொன்னார்கள். பிழை செய்தால் அவமானம் இல்லை என்ற இடத்தில் மட்டுமே இது பலிக்கும். பிரம்பைப் பிடித்துக்கொண்டு நினைவூட்டுகிறவர் தோழியரின் வேலையைச் செய்யவில்லை.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. நினைவின் மரபு என்று பெருமையாகப் பேசுகிறோமே, அந்த மரபில் யாருக்கு இடமிருந்தது? வேதம் ஓதும் உரிமை பிறப்பால் வரையறுக்கப்பட்டிருந்தது. திண்ணைப் பள்ளியின் திண்ணையில் ஏற முடியாத சாதிகள் இருந்தன. அறிவு மனிதரின் நினைவுக்குள் பூட்டப்பட்டிருந்தபோது, சாவியும் அந்த மனிதர்களிடமே இருந்தது. இதை மழுப்பிவிட்டு ஓதலைப் புகழ்வது நேர்மையல்ல. அச்சிட்ட புத்தகமும் அரசுப் பள்ளியும் அந்தப் பூட்டை உடைத்தன, அது நம் வரலாற்றின் பெரிய நன்மைகளில் ஒன்று. ஆனால் பூட்டிவைத்தவர்கள் நினைவைப் பூட்டினார்கள் என்பதால் நினைவு குற்றவாளியாகிவிடாது. வேத பண்டிதர்கள் 21 பேரின் மூளையை வேறு 21 பேரின் மூளையோடு ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்ட்ஸெல் குழுவினர் ஒப்பிட்டு, நினைவோடு தொடர்புள்ள சில பகுதிகளில் வேறுபாடு கண்டதாக வெளியிட்டபோது, அதைச் சமஸ்கிருதத்தின் தனிப்பெருமையாகப் பலர் பரப்பினார்கள். அந்த ஆய்வு காட்டியது நீண்ட பயிற்சி பெற்றவர்களிடம் காணப்பட்ட வேறுபாட்டை மட்டுமே. அதிலிருந்து மொழிக்கோ குலத்துக்கோ பாராட்டுப் பத்திரம் எழுத முடியாது. அப்படி எழுதுகிறவர்களுக்குத் திருவண்ணாமலையே பதில் சொல்லியிருக்கிறது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற கொள்கைப்படி 2007-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ஆறு பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று இந்த ஊரில் நடந்தது. வீட்டில் எந்த ஓதல் மரபும் இல்லாத இளைஞர்கள் மந்திரங்களையும் பூசை முறைகளையும் கற்றுத் தேர்ந்தார்கள். அப்படிப் பயின்றவர்களில் 24 பேருக்கு 2021 ஆகஸ்டில் பணி நியமனம் கிடைத்தது. நினைவு குலத்தில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது.

கடைசி மறுப்பு இந்த மலையிலிருந்தே வருகிறது. 1896-இல் இங்கே வந்து சேர்ந்த ரமணர், கற்றவற்றையெல்லாம் ஒருநாள் மறந்தாக வேண்டும் என்ற கருத்தை ‘நான் யார்?’ நூலில் சொல்கிறார். அப்படியானால் நினைவைப் பற்றிய இத்தனை பேச்சும் எதற்கு? இங்கே ஓர் எல்லையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து எத்தனை விழுக்காடு எஞ்சியது என்று அளக்கும் அறிவியலால், நினைக்கிறவன் யார் என்ற கேள்விக்குள் நுழைய முடியாது. அது அதன் குறையல்ல, அதன் வேலையும் அல்ல. ஆனால் ரமணர் கற்பித்த விதத்தைப் பாருங்கள். 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேட்ட கேள்விகளுக்கு, மௌனத்திலிருந்த அவர் எழுதிக் காட்டிய பதில்களே பின்னர் அந்த நூலாயின. பதில்கள் எல்லாம் கடைசியில் கேட்டவரிடமே ஒரு கேள்வியாகத் திரும்பி வருகின்றன. நான் யார் என்பதற்கு இன்னொருவர் தரும் விடையை மனப்பாடம் செய்து பயனில்லை, கேட்பவனே உள்ளே திரும்பித் தேட வேண்டும். நீ எழுந்து வந்து எண்ணிக்கொள் என்ற தோழியரின் குரலும் இந்த மௌனமும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன. அவரே தம் அடியவர்கள் பிச்சைக்குப் போகும்போது பாடுவதற்கென்று அருளிய அட்சரமணமாலையை அகர வரிசையில் 108 கண்ணிகளாக அமைத்தார். அடுத்த எழுத்து அடுத்த கண்ணியைத் தானே இழுத்து வரும் அமைப்பு அது. மறக்கச் சொன்னவர் நினைவில் நிற்கும்படியாகத்தான் பாடியிருக்கிறார். மறக்க வேண்டிய நாள் வரும்வரை கற்றாக வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை.

இன்னும் சில மாதங்களிலோ சில நாட்களிலோ மார்கழி வரும். அடி அண்ணாமலையிலும் உங்கள் ஊரிலும் பிள்ளைகள் திருவெம்பாவையை ஒப்பிப்பார்கள், பிழையில்லாமல் சொன்னவர்களுக்குப் பரிசும் கிடைக்கும். அந்தப் போட்டியை நடத்துகிறவர்களிடமும் வகுப்பில் செய்யுள் நடத்தும் ஆசிரியர்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். பரிசு கொடுத்த பிறகு புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். நான்காம் பாட்டில் உள்ளே இருப்பவள் என்ன கேட்டாள், வெளியே நிற்பவர்கள் ஏன் அதைச் சொல்ல மறுத்தார்கள் என்று கேளுங்கள். முதலில் ஒரு மௌனம் இருக்கும். பக்கத்துப் பிள்ளையோடு பேசிப் பார்க்க விடுங்கள். பத்து நாள் கழித்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள், நீங்களே சொல்லிவிடாதீர்கள்.